ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லவில்லை, பணம் மட்டும் போய்விட்டது

கேள்வி: ஓய்வுபெற்ற என் அப்பாவுக்கு, கூட வேலை பார்த்த நண்பரின் வாட்ஸ்அப்பிலிருந்து ‘ஆர்.டி.ஓ. சலான்’ என்று ஒரு ஃபைல் வந்தது. ஞாயிறு சாயங்காலம் அதைத் திறந்திருக்கிறார். ஒன்றும் தெரியவில்லை என்று விட்டுவிட்டார். திங்கள் விடியற்காலை கணக்கிலிருந்து இரண்டு தடவையாக 87,500 ரூபாய் போய்விட்டது. ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லவே இல்லை. “ஓ.டி.பி. போட்டுத்தான் பணம் போயிருக்கிறது, நாங்கள் பொறுப்பில்லை” என்கிறது பேங்க். வைரஸை எடுக்க மொபைல் கடையில் 1,500 கேட்கிறார்கள். பணத்தை மீட்டுத் தருவதாக இன்னொருவர் போன் செய்கிறார். என்ன செய்வது? (வாசகி, ஈரோடு)

பதில்: அப்பா சொல்வது உண்மைதான். ஓ.டி.பி.யை அவர் சொல்லவில்லை, அவருடைய போன் சொல்லிவிட்டது.

வந்தது சலான் அல்ல, ஏ.பி.கே. என்று முடியும் ஃபைல். அது ஆண்ட்ராய்டு போனில் ஓர் ஆப்பை நிறுவும். நிறுவியதும் “எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி வேண்டும்” என்று கேட்கும். ‘அலவ்’ என்பதைத் தொட்டால் போதும், அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு குறுஞ்செய்தியின் நகலும் மோசடிக்காரனுக்குப் போகும். ஐகான் மறைந்துவிடுவதால், ஒன்றும் நடக்கவில்லை என்றே தோன்றும். எஸ்.எம்.எஸ். அனுப்பும் அனுமதியும் கிடைத்துவிட்டால், அப்பாவின் கணக்குக்கு வேறொரு போனில் யு.பி.ஐ. தொடங்கவும் வழி இருக்கிறது. டெபிட் கார்டின் கடைசி ஆறு எண்களும் காலாவதித் தேதியும் இருந்தால், ஓ.டி.பி.யைக் கொண்டு யு.பி.ஐ.க்குப் புது ரகசிய எண் (பின்) வைத்துவிடலாம். ஆகவே அப்பாவிடம் ஒன்றைக் கேளுங்கள்: அந்த ஆப் ஒரு ரூபாய் கட்டச் சொல்லி கார்டு எண் கேட்டதா, இவர் போட்டாரா? திட்டாமல் கேளுங்கள். பயந்து மறைத்தால் பிறகு புகாரில் முன்னுக்குப் பின் முரணாகிவிடும்.

முதல் வேலை, அந்தப் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு வைஃபையையும் அணைப்பது. சிம்மைக் கழற்றி ஒரு சாதாரண பட்டன் போனில் போடுங்கள். இனி வரும் ஓ.டி.பி. அங்கே வரும், திருடனுக்குப் போகாது. போனை உடனே ரீசெட் செய்துவிடாதீர்கள். அந்த வாட்ஸ்அப் செய்தி, ஃபைலின் பெயர், வந்த நேரம், ஆப்புக்குக் கொடுத்த அனுமதிகள் எல்லாவற்றையும் இன்னொரு போனால் படம் எடுத்து வையுங்கள். இவைதான் உங்கள் சாட்சி.

அடுத்து 1930, அதாவது சைபர் பண மோசடிக்கான தேசிய உதவி எண். இதுவரை கூப்பிடவில்லை என்றால், மீதியைப் பிறகு படியுங்கள், இப்போதே கூப்பிடுங்கள். திருட்டுப் பணம் ஒரே கணக்கில் தங்காது. வாடகைக்கு எடுத்த இரண்டு மூன்று கணக்குகளில் மாறி ஏ.டி.எம்.மில் ரொக்கமாகிவிடும். அதற்குள் சொன்னால், எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கே முடக்க முடியும். கையில் இருக்க வேண்டியவை: கணக்கு எண், தொகை, நேரம், பரிவர்த்தனை எண். யு.பி.ஐ. என்றால் அது 12 இலக்கம், ஸ்டேட்மென்ட்டில் இருக்கும். இரண்டு பரிவர்த்தனைக்கும் தனித்தனி எண் உண்டு, இரண்டையும் சொல்லுங்கள். புகார் எண் வந்ததும் 24 மணி நேரத்துக்குள் தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் முழுப் புகாரையும் பதிவுசெய்யுங்கள். 1930 கிடைக்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் நேராக இணையதளத்திலேயே பதிவுசெய்யலாம். நேரத்தோடு போட்டி போடச் சொல்லிவிட்டு லைனை பிஸியாக வைத்திருப்பது என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை. காவல் நிலையத்தில் “இது எங்கள் எல்லை இல்லை” என்றால் திரும்பி வராதீர்கள். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவலைப் பதிவுசெய்ய வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவு சொல்கிறது.

இனி பேங்க். கவுன்டரில் வாயால் சொன்னது கணக்கில் வராது. எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். கார்டு, யு.பி.ஐ., நெட் பேங்கிங் மூன்றையும் முடக்கச் சொல்லி அதே கடிதத்தில் எழுதுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். பேங்க் மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறில்லாமல் வேறெங்கோ நடந்த மோசடியை, தகவல் வந்து மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பே இல்லை என்கிறது அது. நான்கு முதல் ஏழு வேலை நாள் என்றால், சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் வரைதான் உங்கள் தலையில் விழும்.

இந்த மூன்று நாள் கணக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள், அதனால் விரித்தே சொல்கிறேன். பேங்கிலிருந்து தகவல் வந்த நாளைச் சேர்க்கக் கூடாது. அப்பாவுக்குத் திங்கட்கிழமை தகவல் வந்தது என்றால் செவ்வாய் முதல் நாள், வியாழன் மூன்றாம் நாள். நடுவில் விடுமுறை வந்தால் அது கணக்கில்லை. கணக்கு இருக்கும் கிளையின் வேலை நாள்தான் கணக்கு. இன்னொன்று: இந்த ஆப்கள் பேங்கிலிருந்து வரும் குறுஞ்செய்தியை அழித்துவிடுவதும் உண்டு. அப்பா அதைப் பார்க்கவே இல்லை, பாஸ்புக் போட்ட பிறகுதான் தெரிந்தது என்றால், அந்தத் தேதியையும் காரணத்தையும் கடிதத்தில் எழுதுங்கள். பேங்க் ஏற்குமா என்பது வேறு. எழுதாவிட்டால் கேட்கவே முடியாது.

“ஓ.டி.பி. போட்டிருக்கிறது, ஆகவே உங்கள் தவறு” என்று சொல்லி பேங்க் கைகழுவ முடியாது. வாடிக்கையாளர் பொறுப்பு என்று நிரூபிக்க வேண்டியது பேங்க்தான். ரகசியத்தை ஒருவர் எடுத்துக் கொடுப்பதும், அது அவரிடமிருந்து திருடப்படுவதும் ஒன்றல்ல என்று கடிதத்தில் வாதிடுங்கள். அப்பா கார்டு எண்ணைப் போட்டிருந்தால் வாதம் பலவீனப்படும், அதை மறைக்க மாட்டேன். அப்போதும், நீங்கள் தெரிவித்த நிமிடத்துக்குப் பிறகு போகும் பணம் பேங்க்கின் பொறுப்பு. தெரிவித்த 10 வேலை நாட்களுக்குள் தொகையைக் கணக்கில் தற்காலிகமாக வரவு வைத்து, 90 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பதும் அதே சுற்றறிக்கைதான். ஏழு வருடங்களுக்கு மேலாகியும் பல கிளைகளில் இதைப் பற்றிக் கேட்டால் முகத்தைப் பார்க்கிறார்கள். 30 நாளில் சரியான பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனிலேயே புகார் செய்யலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

பணத்தை மீட்டுத் தருவதாகப் போன் செய்கிறவரிடம் ஒரு பைசா கொடுக்காதீர்கள். அப்பாவின் பணம் போனது அவருக்கு எப்படித் தெரிந்தது? முடக்கிய பணத்தை விடுவிக்கப் பெரும்பாலும் நீதிமன்ற உத்தரவு வேண்டும். அதை விரைவாக்கும் கமிஷன் ஏஜென்ட் என்று யாரும் கிடையாது. “புகாரை மேலே அனுப்பப் ப்ராசஸிங் ஃபீஸ்” என்றாலும், போனில் ஏதாவது ஆப் போட்டுத் திரையைக் காட்டச் சொன்னாலும், அது இரண்டாவது திருட்டு. பேங்க்கின் வாடிக்கையாளர் சேவை எண்ணைக் கூகுளில் தேடவும் வேண்டாம், அங்கே போலி எண்கள் கிடக்கின்றன. டெபிட் கார்டின் பின்பக்கத்தில் அச்சாகியிருப்பதைப் பாருங்கள்.

மொபைல் கடைக்கு 1,500 எதற்கு? படங்கள், தொடர்பு எண்களை மட்டும் எடுத்து வைத்துவிட்டு, செட்டிங்ஸில் ஃபேக்டரி ரீசெட் செய்தால் வேலை முடிந்தது. டவுன்லோட்ஸ், வாட்ஸ்அப் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்களைப் பிரதி எடுக்காதீர்கள், அந்த ஏ.பி.கே. அங்கேதான் உட்கார்ந்திருக்கும். பாஸ்வேர்டுகளை வேறு போனிலிருந்து மாற்றுங்கள், ஜிமெயிலிலிருந்து தொடங்குங்கள். சிம் திரும்பப் போட்டதும் ##002# என்று டயல் செய்யுங்கள், அழைப்புகளை வேறு எண்ணுக்குத் திருப்பி விட்டிருந்தால் ரத்தாகும். வாட்ஸ்அப்பில் ‘லிங்க்டு டிவைசஸ்’ பார்த்துத் தெரியாததை வெளியேற்றி, இரட்டைச் சரிபார்ப்புக்கு ஆறு இலக்கப் பின் வையுங்கள்.

பிறகு செட்டிங்ஸில் ‘இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்’ என்று தேடி, வாட்ஸ்அப், குரோம், ஃபைல் மேனேஜர் மூன்றுக்கும் அனுமதியை அணையுங்கள். கல்யாணப் பத்திரிகை, கே.ஒய்.சி., மின் கட்டணம் என்று எந்தப் பெயரில் வந்தாலும் இந்த இடத்தில் நின்றுவிடும். சலான் உண்மையா என்று பார்க்க அரசின் போக்குவரத்துத் தளமான பரிவாகனின் இ-சலான் பக்கத்தில் வண்டி எண்ணைப் போட்டால் போதும். பென்ஷன் வரும் கணக்கில் யு.பி.ஐ.யே வேண்டாம். செலவுக்கு வேறொரு கணக்கில் ஐயாயிரம் வைத்து அதற்கு மட்டும் யு.பி.ஐ. வையுங்கள்.

அந்த நண்பரையும் இன்றே கூப்பிடுங்கள், வாட்ஸ்அப்பில் அல்ல, சாதாரண அழைப்பில். ஃபைலை அவர் அனுப்பவில்லை. அவருடைய போனில் அல்லது வாட்ஸ்அப் கணக்கில் புகுந்தவன்தான் அனுப்பியிருப்பான், அவருக்குத் தெரிந்த மற்றவர்களுக்கும் அது போய்க்கொண்டிருக்கலாம்.