முதலில் ட்ராயிங்கின் மூலையைப் பாருங்கள், தம்பி

தம்பி, எட்டு வருடம் ப்ராசஸ் பிளானிங் (ஒரு பாகத்தை எந்த வரிசையில், எந்த மெஷினில் செய்வது என்று திட்டமிடும் வேலை) பார்த்துவிட்டு வட அமெரிக்காவில் ஒரு மெஷின் ஷாப்பில் சேரப் போகிறீர்கள். மெஷினுக்கு ப்ரோகிராம் எழுதும் கேம் (CAM) மென்பொருளில் எதைப் படிக்க வேண்டும், வீடு எப்படிப் பிடிப்பது, குளிர் தாங்குமா, நம் அனுபவத்தை மதிப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். படித்ததும் 2007-ல் நான் வந்து நின்ற கோலம் கண்முன் வந்துவிட்டது.

வீடும் குளிரும் இரண்டு மாதத்தில் பழகிவிடும். மென்பொருள், சேரும் ஷாப்பில் எது இருக்கிறதோ அதை அங்கேயே கற்றுக்கொள்ளலாம். முன்னால் வந்தவர்கள் அந்தச் சர்டிபிகேட் எடு, இந்தச் சர்டிபிகேட் எடு என்று உங்களை ஓட விடுவார்கள். அவர்களில் பலர் மெஷின் பக்கம் போய் வருடக்கணக்காகிறது. நான் சொல்ல வந்தது வேறு: இத்தனை வருடத்தில் கையில் ஊறிப்போன பழக்கம் அங்கே உங்கள் காலை வாரிவிடும்.

வந்த மூன்றாவது வாரம். பன்னிரண்டு பிராக்கெட், ஒரு பக்கத்தில் கவுன்ட்டர்போர், அதாவது துளையின் வாயில் தட்டையான அடியோடு அகலமாக்கிய பகுதி. வேலையின் படிகளை வரிசையாகச் சொல்லும் ப்ராசஸ் ஷீட்டை நான் எழுதினேன், ஆபரேட்டர் அப்படியே ஓட்டினார். பன்னிரண்டும் கண்ணாடியில் பார்த்த மாதிரி எதிர்ப்பக்கத்தில் கவுன்ட்டர்போரோடு வந்தன. ட்ராயிங்கில் பாகத்தின் பக்கத் தோற்றங்களை எங்கே வரைவது என்பதற்கு இரண்டு முறைகள் உண்டு. நாம் படித்தது ஃபர்ஸ்ட் ஆங்கிள். வலதுபுறம் வரைந்திருந்தால் அது ஜாப்பின் (செய்யும் பாகத்தின்) இடப்பக்கம் என்று கண் தானாகப் படித்துக்கொள்ளும். அங்கே தேர்ட் ஆங்கிள். வலதுபுறம் இருப்பது வலப்பக்கமேதான். ட்ராயிங்கின் மூலையில் விவரங்கள் இருக்கும் கட்டமான டைட்டில் பிளாக்கில், வெட்டிய கூம்பும் இரண்டு வட்டமுமாக அடையாளம் போட்டுத்தான் இருந்தது, நான் பார்க்கவில்லை. யாரும் சத்தம் போடவில்லை. ஆனால் ஒரு மாதம் பிளானிங்கைத் தொட விடாமல் வெட்டிய பாகங்களின் ஓரப் பிசிறை நீக்கும் டீபர் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அதுவரை செய்த ஒன்பது வருட வேலை ஒரே நாளில் கணக்கில் இல்லாமல் போனது இன்றும் எனக்கு உறுத்தும். தவறு என்னுடையது, அதை மறுக்கவில்லை. ஒன்பது வருடமும் தவறு இல்லையே.

அடுத்தது அளவு. அங்கே அங்குலம். மில்லிமீட்டராக்க 25.4-ஆல் பெருக்குவதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஆபரேட்டர் வந்து "இரண்டு டென்த் கூட இருக்கிறது" என்றால், உங்கள் மனம் 0.2 மில்லிமீட்டர் என்று படிக்கும். அவர் சொல்வது அங்குலத்தில் பத்தாயிரத்தில் இரண்டு பங்கு, சுமார் 5 மைக்ரான். நாற்பது மடங்கு வித்தியாசம்! அப்புறம் தசம இடங்கள். அங்குல ட்ராயிங்குகள் பலவற்றில் பொது டாலரன்ஸ் (அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்ற வரம்பு) தசம இடத்தை வைத்துத்தான் வரும்: .50 என்றால் ஒன்று, .500 என்றால் அதைவிட இறுக்கமாக ஒன்று. கடைசிப் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை என்று ஷீட்டில் விட்டுவிட்டால், ரீமர் போட்டுத் துல்லியமாக்க வேண்டிய துளைக்கு டிரில்லோடு நிறுத்திவிடுவீர்கள்.

மெட்டீரியல் பெயரும் மாறும். நாம் இஎன்-19 என்னும் எஃகுக்கு அங்கே கிட்டத்தட்ட 4140, இஎன்-24-க்கு 4340. கிட்டத்தட்டதான், அதே அல்ல. ஹீட் ட்ரீட்மென்ட் நிலையைக் கேட்காமல் கிரைண்டிங் அலவன்ஸ் (கிரைண்டிங்கில் எடுக்க விட்டுவைக்கும் கூடுதல் அளவு) எழுதாதீர்கள்.

இன்று எனக்கு அங்குலத்திலேயே யோசனை ஓடுகிறது. மில்லிமீட்டர் ட்ராயிங் வந்தாலும் தடுமாறுவதில்லை. இரண்டும் கைவந்ததில் எனக்குப் பெருமைதான், ஏனென்றால் யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. நம்மவர்களில் சிலர் புரியாவிட்டாலும் "ஓகே, ஓகே" என்று தலையாட்டிவிட்டு வருகிறார்கள். சிலர் எதற்கெடுத்தாலும் "எங்கள் கம்பெனியில் இப்படித்தான் செய்வோம்" என்கிறார்கள். இரண்டுமே வேண்டாம். புரியவில்லை என்றால் அந்த இடத்திலேயே கேளுங்கள்.

மதிப்பார்களா என்று கேட்டீர்கள். டீபர் பெஞ்சுக்கு எதிரே ஒரு மில்லிங் மெஷின், அதில் வயதான ஓர் ஆபரேட்டர். ஒருநாள் மெல்லிய அலுமினியத் தட்டு ஒன்றில் ஆழமாகப் பாக்கெட் எடுத்துக்கொண்டிருந்தார். ரஃபிங் (முதல் முரட்டு வெட்டு) முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, ஜாப்பின் மேல் நுண்ணிய அசைவைக் காட்டும் டயலை வைத்து, பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டு, ஜாப்பை இறுக்கிப் பிடித்திருந்த வைஸை மெதுவாகத் தளர்த்தினார். முள் நகர்ந்தது. மூன்று தௌ, நான்கு தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). நான் எழுதிய பழைய ஷீட்டுகளில் எல்லாம் ரஃபிங்கும் ஃபினிஷிங்கும் ஒரே பிடியில்தான் இருக்கும். அந்தப் பிடியில் தளம் சமமா என்று அளந்தால் சரியாகத்தான் காட்டும். வெளியே எடுத்தால்தான் வளைந்திருப்பது தெரியும். அவர் தட்டைத் திருப்பி மறுபக்கமும் ரஃப் செய்தார், ஒரு ராத்திரி அப்படியே விட்டார், மறுநாள் விரல் பலத்தில் பிடித்து லேசாக ஃபினிஷிங் ஓட்டினார். ஷீட்டில் 'ஆபரேஷன் 30: தளர்த்து, மறுபடி பிடி' என்று ஒரு வரி இருந்தால் போதும் என்றார்.

அலுமினியத்தில் டி6 நிலைக்குப் பதில் டி651 நிலையில் உள்ள தட்டு கேட்டால் பாதித் தொல்லை குறையும், அது இழுத்து உள் அழுத்தம் போக்கிய தட்டு என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். மாதம் முடிந்து பிளானிங் மேஜைக்குத் திரும்பி நான் எழுதிய முதல் ஷீட்டை அச்சடிக்கும் முன் அவரிடம்தான் கொண்டுபோனேன். எண்ணெய்க் கையோடு வாங்கி, ஆபரேஷன் 30-க்குப் பக்கத்தில் கட்டைவிரலை வைத்துத் தலையசைத்தார். அந்தக் கறை படிந்த தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.