தேடினேன், இல்லை என்கிறது: ஒரு கிளை நூலகரிடம் சில கேள்விகள்

இருபத்தோரு வருடமாகக் கிளை நூலகத்தில் இருக்கிறேன். புதிதாக ஒரு தேடுதளமோ தரவுத்தளமோ கண்ணில் பட்டால், மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில் உட்கார்ந்து நோண்டிப் பார்ப்பேன். இது தெரிந்து அக்கம்பக்கத்தில் கேட்டவற்றில் சில இங்கே.

ஊர்ப்புற நூலகர் ஒருவர்: கணினிப் பட்டியலில் ‘ஔவையார்’ என்று தேடினால் மூன்றே புத்தகம் வருகிறது. அலமாரியில் ஒரு தட்டு முழுக்க இருக்கிறது சார். மென்பொருள் கோளாறா?

மென்பொருளை விடுங்கள், தட்டச்சு செய்த கையைப் பாருங்கள். ‘ஔ’ ஒரே எழுத்து. பலர் ‘ஒ’ அடித்து, பக்கத்தில் ‘ள’ அடித்துவிடுகிறார்கள். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வெவ்வேறு சொல். சந்தேகம் வந்தால் அந்த எழுத்துக்கு அடுத்து கர்சரை வைத்து, பேக்ஸ்பேஸை ஒரு தடவை தட்டுங்கள். முழுதாக மறைந்தால் சரியான ஔ. ‘ஒ’ மட்டும் மிஞ்சி நின்றால் ஆள் அகப்பட்டுவிட்டார். எங்கள் நூலகத்தில் இப்படித் தட்டிப் பார்த்து, தப்பாக உள்ளிட்டது யார் என்று துருவினேன். நான்தான். ‘அவ்வையார்’ என்றும் ஒரு தடவை தேடிவிடுங்கள், அதிலும் நாலைந்து ஒளிந்திருக்கும்.

அவரே: பழைய நூல் இருப்புப் பதிவேட்டின் கோப்பைத் திறந்தால் எல்லாம் ஆங்கிலக் கிறுக்கலாக வருகிறது.

‘அம்மா’ என்று இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தெரிகிறதா? அப்படியென்றால் பாமினி எழுத்துரு. இன்று எல்லாக் கணினிகளும் படிக்கும் யூனிகோடு முறைக்கு மாற்றித் தரும் மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் கோப்பை மொத்தமாகப் போட்டு மாற்றாதீர்கள். பாமினியில் ஆங்கில எழுத்தே தமிழுக்கு வேடம் கட்டி நிற்கிறது, அதனால் நிஜமான ஆங்கிலத் தலைப்புகளும் தமிழ்க் குழப்பமாக மாறிவிடும். தமிழ் இருக்கிற பத்தியை மட்டும் எடுத்து மாற்றுங்கள். மூலக்கோப்பின் நகல் ஒன்று தனியே இருக்கட்டும்.

ஆய்வு மாணவி: உலக நூலகங்களின் கூட்டுப் பட்டியலான வேர்ல்ட்கேட்டில் தமிழ் நூல்களை ஆங்கில எழுத்தில் தேடினால் பாதிகூட வருவதில்லையே?

அமெரிக்க நூலகங்கள் தமிழ்த் தலைப்பை ஒலியை வைத்து எழுதுவதில்லை, எழுத்துக்கு எழுத்து மாற்றுகின்றன. சிலப்பதிகாரத்தின் முதலெழுத்து அங்கே எஸ் அல்ல, சி. தகரத்துக்கு டேபிளில் வருகிற டி மட்டும், பின்னால் எச் ஒட்டாது. ககரம் எங்கே வந்தாலும் கே. முருகனுக்கு நடுவிலும் ஜி கிடையாது. முதலில் எரிச்சலாக இருக்கும், ஒரு வாரத்தில் கை பழகிவிடும்.

ஆய்வேடுகளுக்கு, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் ஷோத்கங்கா தளத்தைப் பாருங்கள். அங்கே ஒவ்வொரு இயலும் பெரும்பாலும் தனிக் கோப்பாக இருக்கும். நான் முதலில் திறப்பது கடைசிக் கோப்பை, அதாவது துணைநூற்பட்டியலை. வேறொருவர் பல வருடம் அலைந்து சேர்த்தது அப்படியே கையில் கிடைக்கும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்: பழைய நூல்களை இணையத்திலிருந்து தரவிறக்கிப் படிப்பது சட்டப்படி சரிதானா தம்பி?

இந்தியாவில் ஆசிரியர் மறைந்த பின் 60 ஆண்டுகள் காப்புரிமை உண்டு ஐயா. கல்கி மறைந்தது 1954. இந்தக் கணக்குப்படி 2015 பிறந்ததோடு அவர் எழுத்தின் காப்புரிமைக் காலம் முடிந்தது. அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களுக்கு 60 ஆண்டு காத்திருக்கவும் வேண்டாம்.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய மின்னூல் தொகுப்பில் நூல்களைத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள். உள்ளே ஒரு சொல்லைத் தேடலாம், எழுத்தைப் பெரிதாக்கலாம், கண்ணுக்குச் சுகம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பெரும்பாலும் பக்கங்களின் படம். தலைப்பு, ஆசிரியர் வைத்துத்தான் தேட முடியும். ஆனால் பழைய பதிப்பை அதன் முகப்போடு பார்க்கலாமே, அந்த ருசி தனி.

சென்னை வாசகி: பாட்டி படித்த யாழ்ப்பாணப் பள்ளியின் பழைய மாணவர்கள் கனடாவில் வெளியிட்ட மலர் கிடைக்குமா?

இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் சேர்த்து வைக்க 2005-இல் தொடங்கிய ‘நூலகம்’ தளத்தில் தேடுங்கள். 1981-இல் யாழ் பொது நூலகம் எரிந்ததை அறிந்தவர்களுக்கு அந்தத் தளத்தின் அருமை புரியும். புத்தகங்கள் மட்டுமல்ல, பாடசாலை மலர், கோயில் மலர், நினைவு மலர் எல்லாம் வைத்திருக்கிறார்கள். ஒன்று மட்டும் கவனம்: நாம் ‘டொரண்டோ’ என்று எழுதுவது ஈழத்தமிழர்களுக்கு ‘ரொறன்ரோ’. நம் எழுத்தில் தேடிவிட்டு இல்லை என்று திரும்பிவிடாதீர்கள் அம்மா.

கல்லூரி மாணவர்: இதற்கெல்லாம் ஏஐ-யைக் கேட்டால் போதாதா?

போன மாதம் உங்களைப் போல ஒரு தம்பி ஏஐ கொடுத்த பட்டியலோடு வந்தார். தெருக்கூத்து பற்றி ஆறு புத்தகங்கள், ஆசிரியர், ஆண்டு, பதிப்பகம் எல்லாம் கச்சிதமாக இருந்தன. எங்கள் பட்டியல், மின்னூலகம், வேர்ல்ட்கேட் என்று தேடினேன், நாலு விதமாக எழுத்தை மாற்றியும் பார்த்தேன். ஐந்து புத்தகங்கள் எங்கேயும் இல்லை. ஆறாவது எங்கள் அலமாரியிலேயே இருந்தது, ஏஐ பட்டியலில் போட்டிருந்தவர் அல்லாத வேறு ஆசிரியர் பெயரில். தூசி தட்டிக் கொடுத்தேன், எடுத்துக்கொண்டு போனார். இன்னும் திருப்பித் தரவில்லை.