புனிதர் படம், ஆனால் அற்புதங்கள் இல்லை

கேள்வி: ஒரு புனிதரின் வாழ்க்கையைச் சொல்லும் எளிமையான கத்தோலிக்கப் படம் பார்த்திருக்கிறீர்களா? எப்படி இருந்தது?

பார்த்திருக்கிறேன். முதல் தடவை கொஞ்ச நேரத்திலேயே அணைத்துவிட்டேன் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

ரோபர்ட்டோ ரோசெலினி 1950-இல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். இத்தாலியத் தலைப்புக்கு ‘பிரான்சிஸ், இறைவனின் கூத்தாடி’ என்று பொருள். இத்தாலியின் அசிசி ஊரைச் சேர்ந்த புனித பிரான்சிஸும் அவரோடு சேர்ந்த முதல் சகோதரத் துறவிகளும்தான் கதை. புனிதர் படங்களுக்கென்று ஒரு வாய்ப்பாடு உண்டே: பணக்கார வீட்டுப் பிள்ளை, மனமாற்றம், அப்பாவோடு சண்டை, சிலுவையில் இயேசு பட்டதுபோல் உடம்பில் ஐந்து காயங்கள், கடைசியில் ஒளி சூழ மரணம். அதை எதிர்பார்த்து உட்கார்ந்தேன். ஒன்றுகூட வரவில்லை. கொட்டுகிற மழையில், சேற்றில் நடந்து வருகிறார்கள் சில துறவிகள். அவர்கள் குடிசையை ஒரு குடியானவன் கழுதையோடு வந்து பிடித்துக்கொள்கிறான். இவர்கள் சத்தமில்லாமல் வெளியேறுகிறார்கள். அங்கேதான் அணைத்தேன்.

துறவிகளாக வருபவர்கள் நடிகர்கள் இல்லை, நோசேரா இன்ஃபெரியோரே மடத்தின் நிஜமான பிரான்சிஸ்கன் சபையினர் என்று பிறகு தெரிந்தது. மறுபடி போட்டேன். முதலில் குறையாகப் பட்ட அந்தக் கூச்சம், கையை எங்கே வைப்பது என்று தெரியாத நிற்பு, இப்போது பிடித்துப்போனது.

சகோதரர் ஜினேப்ரோ என்று ஒருவர். யார் கேட்டாலும் அங்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு உள்ளாடையோடு திரும்புவார். அனுமதி இல்லாமல் இனிக் கொடுக்கக் கூடாது என்று பிரான்சிஸ் தடை போடுகிறார். அடுத்த ஏழையிடம் ஜினேப்ரோ சொல்வது: நான் கொடுக்க முடியாது, நீயாக உருவிக்கொண்டால் தடுக்க மாட்டேன்! வாய்விட்டுச் சிரித்தேன். கவசம் பூட்டிய கொடுங்கோலன் வரும் பகுதி மட்டும் இழுவை. அதில் வரும் ஆல்டோ ஃபாப்ரிட்சி தொழில்முறை நடிகர். மற்றவர்களுக்கு நடுவே அவர் நடிப்பது துருத்திக்கொண்டு தெரிகிறது.

இரவில் தொழுநோயாளியைச் சந்திக்கும் காட்சிக்காகவே இந்தப் படத்தைப் பார்க்கலாம். இருட்டில் அந்த நோயாளியின் மணிச் சத்தம் கேட்கிறது. பிரான்சிஸ் பின்னாலேயே போகிறார், தயங்குகிறார், பிறகு கட்டிப்பிடித்து முத்தமிடுகிறார். நோய் குணமாகவில்லை. அந்த மனிதர் திரும்பித் தன் வழியே நடந்துவிடுகிறார். பிரான்சிஸ் புல்லில் குப்புற விழுந்து தேம்புகிறார். கிட்டத்தட்ட வசனமே கிடையாது. வேறொரு படமாக இருந்தால் இந்த இடத்தில் ஓர் அற்புதம் நடந்திருக்கும், பின்னணி இசை அதிர்ந்திருக்கும்.

மரணக் காட்சியும் இல்லை. சகோதரர்கள் பிரிந்துபோய்ப் போதிக்க வேண்டிய நாளோடு படம் முடிகிறது. யார் எந்தப் பக்கம் போவது? சின்னப் பிள்ளைகள் மாதிரி கிறுகிறுவென்று சுற்றச் சொல்கிறார் பிரான்சிஸ். தலைசுற்றி விழுகிற திசைதான் அவரவர் போகவேண்டிய திசை. ஒவ்வொருவராக விழுகிறார்கள். கிழவர் ஜொவான்னி மட்டும் வெகுநேரம் விழாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறார்.