ஒரு ரீவி, மூன்று பேர்: புது சீசனில் எதைப் பார்ப்பது?

வணக்கம் தங்கச்சி. கொக்குவில் வீட்டில் ஒரே ரீவி, மாமிக்கு சீரியல், உங்களுக்கு பிக்பாஸ், மகளுக்கு சாதாரண தரப் பரீட்சைப் படிப்பு, இரவு எட்டிலிருந்து பத்து வரைதான் நேரம் என்று எழுதியிருந்தீர்கள்.

முதலில் பிக்பாஸ். அண்மை வருடங்களாக ஒக்டோபரில் தொடங்கி தைப்பொங்கல் வரை இழுக்கிறார்கள். ஏறத்தாழ 100 நாள். தினமும் இருந்து பார்க்கத் தேவையில்லை. சனி, ஞாயிறு விஜய் சேதுபதி வந்து அந்தக் கிழமைச் சண்டைகளைக் கிளறி விசாரிப்பார், அதிலேயே கதை முழுக்க விளங்கிவிடும். கிழமை நாட்களில் பாதி நேரம் சமையலறைச் சண்டைதானே, அது எங்கள் வீடுகளிலேயே இலவசமாகக் கிடைக்கிறது!

அப்ப கிழமை நாட்கள் மாமிக்கு. ஆனால் அவரையும் ஒரு சீரியலோடு நிற்கச் சொல்லுங்கள். புதிதாகத் தொடங்குவதை உடனே பிடிக்காமல் இரண்டு கிழமை விடுங்கள். பிறகு ஒரு நாள் பாருங்கள். ஒன்றும் தவறவிடாததுபோல் கதை விளங்கினால் அதை விட்டுவிடலாம். ஒரே முகத்தை மூன்று பக்கத்திலிருந்து காட்டி மேளம் அடித்தாலும் அதே முடிவுதான்.

மகள் படிக்கிற அறை ரீவிக்குப் பக்கத்தில் என்றால் சத்தத்தைக் குறைப்பதால் பெரிய பலன் இல்லை, மேசையை மாற்றுங்கள்.

இன்னொன்று, டிஷ் என்றால் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு சிக்னல் போகும். மாமிக்கு யூடியூப் திறக்க இப்பவே பழக்கிவிடுங்கள்.