பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் சரியாக இருக்கிறது. வீடு வாங்கும் முன் இடத்தை அளந்தும் பார்க்க வேண்டுமா?

கட்டாயம் பார்க்க வேண்டும். வக்கீல் பார்ப்பது காகிதத்தை. இடம் விற்பவருக்கு எப்படி வந்தது, வேறு யாருக்காவது பங்கு உண்டா, அடமானம் இருக்கிறதா என்பதையெல்லாம் அவர் சொல்லிவிடுவார். பத்திரத்தில் எழுதிய 1200 சதுர அடி தரையில் இருக்கிறதா, இருந்தாலும் நமக்குக் காட்டிய காம்பவுண்டுக்குள்தான் இருக்கிறதா என்று அவர் பார்ப்பதில்லை. பதிவு நாளன்று சார்பதிவாளர் அலுவலகத்தில் யாரும் டேப்பைத் தூக்கிக்கொண்டு வரப்போவதும் இல்லை.

திருச்சிக்கு வெளியே ஒரு பழைய வீட்டை நாங்கள் விலை பேசினோம். லைசென்ஸ் உள்ள சர்வேயர் ஒருவரைக் கூட்டிப்போய் அளந்தோம். கிழமேல் சரியாக இருந்தது. தென்வடல், பத்திரத்தில் இருப்பதைவிட இரண்டடி கூடுதல். விற்பவருக்கு ஒரே சந்தோஷம், விலையைக் கூட்டிக் கேட்கலாம் என்ற நினைப்பு. சர்வேயர் ஒன்றும் பேசாமல் புலப்படத்தை, அதாவது அரசின் நில அளவை வரைபடத்தை, விரித்தார். பின்பக்கச் சுவர் வாய்க்கால் புறம்போக்கில் நின்றது. செப்டிக் டேங்கில் பாதியும் அங்கேதான். விற்பவர் மறைக்கவில்லை. அவர் அப்பா காலத்தில் கட்டிய சுவர், அவருக்கே தெரியாது. கடைசியில் டேங்கை மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொண்டு, சுவரை உள்ளே தள்ளிக் கட்டிய பிறகுதான் கிரயம் செய்தோம். அளவு குறைந்தால் எல்லோரும் சண்டை போடுகிறார்கள். கூடினால்தான் முதலில் பயப்பட வேண்டும் என்பது என் கட்சி. அந்தக் கூடுதல் வேறு யாருடைய இடமாகவோ, அரசாங்கத்துடையதாகவோ இருக்கும்.

அளக்கும்போது நான்கு பக்கத்தையும் டேப் பிடித்துவிட்டு முடிந்தது என்று கிளம்பக் கூடாது. 30-க்கு 40 அடி மனையில் மூலைக்கு மூலை 50 அடி இருக்க வேண்டும். நான்கு பக்கமும் அதே 30, 40 ஆக இருந்து, மூலைவிட்டம் ஒன்று 42 அடிதான் வந்தால், மனை கோணலாக இருக்கிறது என்று பொருள். பரப்பு 1200 இல்லை, ஏறக்குறைய 1142. சென்னை போன்ற ஊரில் அந்த 58 சதுர அடி என்ன விலை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதைவிட முக்கியம், எங்கிருந்து அளக்கிறார்கள் என்பது. பக்கத்து வீட்டுச் சுவரை எல்லையாக வைத்து அளந்தால், அவர் தப்பு நம் தலையில் ஏறும். சர்வே கல்லைத் தேடிப்பிடித்து, புலப்படத்தில் உள்ள அளவுகளோடு பொருத்தி அங்கிருந்து வர வேண்டும். புலப்படம் (எஃப்.எம்.பி. என்பார்கள்) அரசின் இ-சேவை இணையதளத்திலேயே கிடைக்கிறது. பழைய படங்களில் அளவு சங்கிலிக் கணக்கில் இருக்கும். ஒரு சங்கிலி 66 அடி, அதில் 100 இணைப்பு (லிங்க்). பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், ஏறக்குறைய 1076 சதுர அடி. பத்திரத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பலர் பெயரில் ஒன்றாக உள்ள கூட்டுப் பட்டாவாக இருந்து, அவரவர் பங்கைத் தனியாக உட்பிரிவு செய்யாத மனை என்றால் உங்கள் எல்லைக்கோடு புலப்படத்திலேயே இருக்காது. அப்போது அங்கீகரித்த லேஅவுட் வரைபடத்தை வைத்து, சாலையின் அகலத்தையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள். வரைபடத்தில் 30 அடி என்றிருக்கும் ரோடு நேரில் 24 அடியாக நின்றால், மிச்சத்தை யாரோ உள்ளே இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். அது நீங்கள் வாங்கும் மனையாகவும் இருக்கலாம்.

தனியார் சர்வேயர் சொல்வது நமக்குத் தெரிந்துகொள்ளத்தான், பக்கத்து மனைக்காரரைக் கட்டுப்படுத்தாது. சிக்கல் தெரிந்தால் தாலுகா அலுவலக சர்வேயரைக் கொண்டு அளப்பதே சரி. அவர் பக்கத்து நிலக்காரர்களுக்கு அறிவிப்புக் கொடுத்து, அவர்கள் முன்னால் அளப்பார். பட்டா விற்பவர் பெயரில்தானே இருக்கிறது, அதனால் விண்ணப்பத்தை அவரே போடட்டும். கட்டணம் பெரிதாக இல்லை, நாள் ஆகும். அவசரம் காட்டுபவரிடம் பெரிய அட்வான்ஸ் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். கிரய ஒப்பந்தத்திலேயே 'அளந்து வரும் பரப்புக்குத்தான் விலை' என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் ஒப்பந்தத்தில் அந்த வரி இருந்ததால்தான் செப்டிக் டேங்க் பேச்சு சண்டையாகவில்லை.

அடுக்குமாடி வீட்டுக்கு இவ்வளவு வேண்டாம். யு.டி.எஸ்., அதாவது நிலத்தில் உங்களுக்கு வரும் பிரிக்காத பங்கு, எவ்வளவு என்று பத்திரத்தில் பாருங்கள். வீட்டுக்குள் புழங்கும் தரைப் பரப்பான கார்ப்பெட் ஏரியாவை மட்டும் நீங்களே அளக்கலாம். 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி வெளிச்சுவரும் பால்கனியும் அதில் சேராது, உள்ளே இருக்கும் தடுப்புச் சுவர்கள் சேரும்.