பல் போன குழியில் ரத்தக்கட்டி பத்திரம்

பல் பிடுங்கி இரண்டு மணி நேரமாகிறது. எச்சிலில் இன்னும் ரத்தம். கொப்பளித்துக்கொண்டே இருக்கிறேன், நிற்கவில்லை. (ஈசூன் வாசகர்)

கொப்பளிப்பதால்தான் நிற்கவில்லை. குழியில் உறையும் ரத்தம்தான் அடியிலுள்ள எலும்பையும் நரம்பையும் மூடிக் காக்கிறது. கொப்பளித்தாலும் காறித் துப்பினாலும் அது பெயர்ந்துவிடும். முதல் 24 மணி நேரம் கொப்பளிக்கவே வேண்டாம்.

சுத்தமான காஸ் துணியைச் சிறு திண்டாக மடித்து, லேசாக நனைத்து, சரியாகக் குழியின் மேலேயே வைத்து அரை மணி நேரம் அழுத்திக் கடியுங்கள். பக்கத்துப் பற்களுக்கு நடுவே வைத்தால் அழுத்தம் குழியில் விழாது. நின்றதா என்று நடுநடுவே எடுத்துப் பார்ப்பவர்கள்தான் அதிகம். அப்படி எடுத்தால் துணியோடு ரத்தக்கட்டியும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். படுக்கும்போது தலையைச் சற்று உயர்த்தி வையுங்கள்.

முதல் நாள் எச்சில் இளஞ்சிவப்பாக இருப்பது இயல்பு. துளி ரத்தம் எச்சிலில் கலந்தாலே பயமுறுத்தும் அளவுக்குத் தெரியும். இரண்டு தடவை அரை மணி நேரம் கடித்தும் வாய் நிறைய ரத்தம் ஊறினால் பல் மருத்துவரிடம் போங்கள். இரவு நேரமென்றால் மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவு.

முதல் இரண்டு நாள் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் காதுவரை வலி விண்விண்ணென்று தெறிக்கிறது. அம்மா கிராம்பு எண்ணெய் ஊற்றச் சொல்கிறார். (உட்லண்ட்ஸ்)

சாதாரண வலி நாளுக்கு நாள் குறையும். குறைந்துவந்த வலி இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையே திரும்பி ஏறினால், வாயும் நாறினால், 'ட்ரை சாக்கெட்' என்று சந்தேகிக்கலாம். ரத்தக்கட்டி கரைந்தோ பெயர்ந்தோ போய் எலும்பு வெளியே தெரியும் நிலை இது. கீழ்க்கடைவாய்ப் பற்களில்தான் அதிகம். புகைபிடிப்பவர்களுக்கும் கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல்.

மருத்துவர் குழியைக் கழுவி மருந்திட்ட திரியை வைப்பார். பெரும்பாலும் அன்றே வலி தணியும். அந்தத் திரியில் கிராம்பின் சத்து இருப்பதுண்டு, ஆகவே அம்மா சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் எண்ணெயை நேராக ஊற்றினால் ஈறு வெந்துபோகும். மஞ்சள்தூள், காப்பித்தூள் அடைப்பதும் வேண்டாம். ஆன்டிபயாட்டிக் கேட்டு வாங்காதீர்கள். இது கிருமித்தொற்று அல்ல. காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வீக்கம், வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாமை இருந்தால் கதை வேறு, உடனே போகவேண்டும். குழிக்குள் வெள்ளையாகப் படிவதை மட்டும் வைத்துச் சீழ் என்று முடிவு கட்டவேண்டாம். ஆறும் புண்ணில் அப்படித்தான் படியும்.

பபிள் டீ குடிக்கலாமா? (செங்காங்)

ஸ்ட்ரா போட்டுக் கூடாது. உறிஞ்சும் இழுப்பில் கட்டி பெயரும். ஜவ்வரிசி உருண்டை குழியில் போய் உட்காரும். தேநீரும் கோப்பியும் ஆறிய பிறகு குடியுங்கள். கஞ்சி, இட்லி, தௌஹுவே (மென்மையான சோயா இனிப்பு) எல்லாம் மறுபக்கமாகச் சாப்பிடலாம். 24 மணி நேரம் கழிந்ததும் ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்புக் கலந்து, சாப்பாட்டுக்குப் பின் வாயில் நிறுத்தித் தலையை மெல்லச் சாய்த்து, தானாக வழியவிடுங்கள்.

அப்பா வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை) சாப்பிடுகிறார். பல் எடுப்பதற்கு முதல் நாளே நிறுத்திவிடலாமா? (தெம்பனீஸ்)

நீங்களாக நிறுத்தாதீர்கள். பல் குழியின் கசிவை அழுத்தியும் தையலிட்டும் நிறுத்திவிடலாம். மூளையில் ரத்தம் உறைந்தால் அப்படி முடியாது. பல் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி, ரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்று காட்டும் அண்மைய ஐஎன்ஆர் அளவைக் காட்டுங்கள். எலும்பு மெலிவு நோய்க்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்களும் சொல்லவேண்டும். சிலருக்குத் தாடை எலும்பு ஆறாமல் போகும்.

மேல் கடைவாய்ப்பல் எடுத்தபின் தண்ணீர் குடித்தால் மூக்கில் வருகிறது. (ஜூரோங் வெஸ்ட்)

அந்தப் பல்லின் வேருக்கும் மூக்கோடு இணைந்த காற்றறையான சைனஸுக்கும் நடுவே மெல்லிய எலும்புதான் இருக்கும். அதில் துளை விழுந்திருக்கலாம். மூக்கைச் சிந்தாதீர்கள், தும்மல் வந்தால் வாயைத் திறந்தே தும்முங்கள். இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் இருக்கிறது. இப்போது பல் எடுத்துக்கொண்டு அலகு குத்தலாமா? (புக்கிட் பாத்தோக்)

வேண்டாம் என்பேன். ஈறு மேலே மூடவே பொதுவாக மூன்று, நான்கு வாரம் ஆகும். குழி கசிந்தால் செய்யக்கூடிய முதலுதவி, துணி வைத்துக் கடிப்பதுதான். நாக்கிலும் கன்னத்திலும் அலகு இருக்கும்போது அதற்கு வழியில்லை. சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு கோயில் வரை வாய் வறண்டே நடக்கவும் வேண்டும். வலியோ வீக்கமோ இருந்தால் பல்லைத் தள்ளிப்போடக் கூடாது, அலகைத்தான் தள்ளிப்போடவேண்டும். உடம்பு தேறியிருந்தால் இந்த வருடம் பால்குடம் எடுக்கலாம்.

மெடிசேவ் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு) பணத்தில் கட்டலாமா? (பிடோக்)

சாதாரணமாகப் பிடுங்குவதற்குப் பொதுவாக முடியாது. ஈறைக் கீறி ஞானப்பல்லை எடுப்பது போன்ற அறுவை சிகிச்சைக்கு உண்டு. நீல நிற சாஸ் (சமூக சுகாதார உதவித் திட்டம்) அட்டைக்காரர்களுக்கும், அரசாங்கச் சலுகை பெறும் மூத்தவர்களான முன்னோடி, மெர்டேக்கா தலைமுறையினருக்கும் திட்டத்தில் சேர்ந்த பல் மருத்துவ நிலையங்களில் கழிவு கிடைக்கும். நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே அட்டையைக் காட்டிக் கேட்டுவிடுங்கள்.