இராமநாதபுரம் கடற்கரையில் மிதிவண்டியில் போய்வர ஒரு காட்டு வழியும் ஊற்றும் உண்டா?

குற்றாலம், கொடைக்கானல் பக்கம் இருப்பதுபோல, காலையில் மிதிவண்டியில் புறப்பட்டுக் காட்டு வழியாகப் போய், ஓர் இயற்கை ஊற்றில் தண்ணீர் குடித்துவிட்டு மாலையில் திரும்பும்படியான பாதை இராமநாதபுரத்துப் பக்கம் உண்டா, அல்லது எல்லாரும் சொல்வதுபோல அது தண்ணீரில்லாக் காடுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. நீங்கள் நகரத்தில் வேலை பார்த்துக்கொண்டு விடுமுறை நாளில் மட்டும் வண்டியை வெளியே எடுப்பவர் என்று ஊகித்துக்கொண்டு, பாம்பன் பாலத்துக்கு இக்கரையில் உள்ள மண்டபம் என்ற ஊரில் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

உங்கள் கேள்வியின் பிற்பகுதி என்னைச் சுட்டது என்பதை மறைக்க விரும்பவில்லை. நான் அரசுப் பணியில் சேர்ந்த முதல் ஆண்டில், வேறொரு மாவட்டத்தில், கோப்பு தாமதமானதற்காக என் உடன் பணியாற்றிய ஒருவரை மேலதிகாரி "இராமநாதபுரத்துக்கு மாற்றிவிடுவேன், தண்ணீரில்லாக் காட்டில் கிடந்தால்தான் புத்தி வரும்" என்று மிரட்டினார். அந்த அறையில் நின்றிருந்தவர்களில் நான் ஒருவன்தான் இந்த மண்ணைச் சேர்ந்தவன். எங்கள் மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது; அதில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையிலான வடகிழக்குப் பருவத்திலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. பஞ்சத்தை நாங்கள் பட்டிருக்கிறோம், அதை மறுக்கவில்லை. ஆனால் பெய்த மழையைக் கடலோர மணல் எப்படி வைத்துக் காக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தவர் எவரும் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்ல மாட்டார் என்று நம்புகிறேன்.

கடந்த தை மாதத்தில், சென்னையில் படிக்கும் என் அக்கா மகனுடன் மண்டபத்திலிருந்து தனுஷ்கோடி ஊற்று வரை போய்வந்தேன். போக வர எழுபது கிலோமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். விடியுமுன் புறப்பட்டோம். 1988-இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலத்தில் ஏறியதும் வாடைக் காற்று இடப்பக்கத்திலிருந்து வண்டியைத் தள்ளியது. பாலத்தைக் கடக்கும் வரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பாம்பன், தங்கச்சிமடம், இராமேசுவரம் என்று ஊர்களைக் கடக்கும் பகுதியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. யாத்திரிகர் பேருந்துகள் மிகுதியாதலால் ஏழு மணிக்குள் இராமேசுவரத்தைத் தாண்டிவிடுங்கள்.

நகரம் முடிந்து தனுஷ்கோடிச் சாலை தொடங்கியதும் காடு தொடங்குகிறது. இதைக் காடென்று சொல்லலாமா என்று சிலர் கேட்கக்கூடும். சவுக்கு நட்டு வளர்த்தது, சீமைக்கருவேலம் வந்தேறியது, உண்மைதான். ஆனால் அவற்றினூடே குடை விரித்ததுபோலத் தலை தட்டையாக நிற்கும் உடை மரங்களும், பனைகளும் இந்த மணலுக்கே உரியவை. மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டை அளவுகோலாக வைத்து இதை அளப்பது நியாயமாகாது. சவுக்கு ஊசிகள் உதிர்ந்து மெத்தையாகிக் கிடப்பதால் சக்கரத்தின் ஓசையே எழாத ஒரு மண் தடத்தில், ஜடா தீர்த்தத்தின் அருகே, வண்டியை விட்டிறங்கிச் சற்று நேரம் நின்றோம். மேலே காற்று சவுக்கில் புகுந்து இரைவது கடல் இரைச்சலைப் போலவே இருந்ததால், எது எதன் ஓசை என்று பிரித்தறிய முடியவில்லை.

அங்கேதான் மருமகனின் பின்சக்கரம் காற்றிழந்தது. உடை முள் வெள்ளையாக, நேராக, விரல் நீளத்துக்கு இருக்கும். டயரைத் துளைத்துவிட்டு உள்ளேயே முறிந்து நிற்கும். டியூபை அமுக்கிப் பார்க்க ஒரு வாளித் தண்ணீர்கூட இல்லாத இடம். காற்றடைத்த டியூபை மெல்லச் சுற்றிக் கன்னத்தருகே கொண்டுவந்தால், ஓட்டையுள்ள இடத்தில் குளிர்ந்த ஊசி குத்துவதுபோல ஒரு மூச்சு படும், அப்படித்தான் கண்டுபிடித்தோம். டயரின் உட்புறத்தை விரலால் தடவி முறிந்த முள்ளை எடுக்காமல் பஞ்சர் ஒட்டினால் பத்தடி கூடப் போக முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கோதண்டராமர் கோயிலை ஒட்டிய நீர்ப்பரப்பில் பூநாரைகள் நின்றிருந்தன. 2025 ஜூனில் தனுஷ்கோடிப் பகுதி பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. வண்டியை நிறுத்தாமல் கடந்துபோவதே அவற்றுக்கு நல்லது. முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால், 2017 வரை மணலில் வேன்கள் திணறிப் போன தடம் இப்போது நல்ல தார்ச்சாலை. இடப்பக்கம் அலையடங்கிய பெண் கடல், வலப்பக்கம் குமுறும் ஆண் கடல் என்று எங்கள் மக்கள் சொல்வார்கள். அந்த இரண்டுக்கும் நடுவே, நிழலே இல்லாத வெளியில், மிதித்துக்கொண்டே போக வேண்டும்.

1964 டிசம்பர் 22 இரவில் புயல் அழித்த ஊரின் இடிபாடுகளுக்குப் பின்னால், மீனவர் குடிசைகளின் அருகில் இருக்கிறது அந்த ஊற்று. வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்த பிறகும் அங்கே சில குடும்பங்கள் தங்கியிருப்பது பெரிதும் இதை நம்பித்தான். மலை ஊற்றைப்போலப் பீறிட்டு வரும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். மணலில் இரண்டு முழ ஆழத்துக்கு ஒரு குழி; கடல் கூப்பிடு தூரம்கூட இல்லை. வயதான அம்மா ஒருவர் குந்தியிருந்து சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். மூன்று சிரட்டை மொண்டதும் நிறுத்திக் காத்திருந்தார். குழியின் பக்கவாட்டு மணலிலிருந்து மயிரிழைபோல நீர் கசிந்தது. கசியும்போதே நாலைந்து மணற்பருக்கைகளைத் தள்ளிக்கொண்டு வந்து, அவை அடியில் படிந்ததும் தெளிந்தது.

பக்கத்தில் நீரின்றித் தூர்ந்திருந்த குழியொன்றில் நாங்களே எடுத்துக்கொள்ளும்படி அவர் சொன்னார். அவசரப்பட்ட மருமகன், ஆழமாகத் தோண்டினால் விரைவாக நிறையும் என்றெண்ணி, முழங்கை மறையும் வரை தோண்டினான். நீர் உண்மையிலேயே விரைந்து ஊறியது. வாயில் வைத்ததும் துப்பிவிட்டான். "ஆழத்துக்குப் போகாத தம்பி, கீழ கடல்தான் கெடக்கு. மேலாப்புல மொண்டு பாரு, பருப்பே வேகும்" என்றார் அந்த அம்மா.

அவர் சொன்னதற்குள் முழு விளக்கமும் இருக்கிறது. நான் நிலத்தியல் படித்தவன் அல்லன், ஆனால் இது பாடநூல்களில் உள்ள செய்திதான்: கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ நூற்றுக்கு 2.5 பங்கு கனமானது. ஆகவே மணலில் இறங்கிய மழைநீர் அடியிலுள்ள உப்புநீரோடு எளிதில் கலக்காமல் அதன்மேல் மிதக்கிறது. நன்னீரின் மட்டம் கடல் மட்டத்துக்குமேல் ஓரடி உயர்ந்திருந்தால், கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் நிற்கும் என்பது கணக்கு. அரையடிதான் என்றால் 20 அடி; ஓர் அங்குலமே என்றால் மூன்றடிக்குச் சற்று மேல்தான். மேலாக, மெல்ல மொண்டால் அது தன்னை நிரப்பிக்கொள்ளும். ஆழத் தோண்டினாலோ மோட்டார் வைத்து உறிஞ்சினாலோ அடியிலுள்ள உப்பு மேலேறிவிடும். சிரட்டையையும் குடத்தையும் பார்த்து இரக்கப்படுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். காரில் வந்திறங்கிய ஒரு குழுவினர் எங்கள் கண்ணெதிரில் அந்தக் குழியில் கால் கழுவப் போனார்கள். மருமகனே எழுந்து போய்த் தடுத்தான். குடிநீர்க் குழி என்று தெரியாமல் செய்தார்கள் என்றே வைத்துக்கொள்கிறேன், ஆனாலும் அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

திரும்பும் வழியில் தங்கச்சிமடத்தருகே வில்லூண்டி தீர்த்தத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். கடலுக்குள் நீண்ட நடைபாலத்தின் முனையில், சுற்றிலும் உப்புநீர் சூழ, நன்னீர்க் கிணறு இருக்கிறது. சீதையின் தாகத்துக்காக இராமன் வில்லை ஊன்றிய இடம் என்பது ஐதிகம்.

நீங்கள் போவதானால் தையிலோ மாசியிலோ போங்கள். வைகாசிக்குப் பிறகு தென்மேற்குப் பருவத்துக் கச்சான் காற்று மணலை வாரிச் சாலையில் இறைக்கும், ஊற்றும் சுருங்கிவிடும். குடிக்க ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர் வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள்; ஊற்று நீர் அங்கே வாழ்பவர்களுக்கு உரியது, ருசி பார்க்க ஒரு கை போதும். தனுஷ்கோடியில் இருட்டும் வரை இருக்க விடமாட்டார்கள். வீடு திரும்பியதும் சங்கிலியையும் பற்சக்கரத்தையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் விடுங்கள். ஓர் இரவு விட்டாலே உப்புக்காற்றின் துரு ஏறிவிடும்.

அந்த அம்மா மறுக்க மறுக்க, தம் குடத்திலிருந்து ஒரு புட்டி நிறைய ஊற்றி மருமகன் கையில் கொடுத்துவிட்டார். அக்கா அன்றிரவு அதில்தான் துவரம்பருப்பை வேகவைத்தாள். குழம்பைப் பரிமாறும்போது, கரண்டியால் மசிக்கவே வேண்டியிருக்கவில்லை என்றாள்.